நல்ல சுட்டியைத் தேர்ந்து தருவது யார்?

இணையப் பக்கத்தில் ஒரு பெட்டியைத் திரையின் நட்டநடுவில் நிறுத்துவது எப்படி? சிஎஸ்எஸ் கற்கத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி இது. தேடினால் விடைகளுக்குப் பஞ்சமில்லை. 2002இல் எழுதப்பட்ட பக்கம் டேபிளைப் பயன்படுத்தச் சொல்லும். 2008இல் எழுதப்பட்டது நெகடிவ் மார்ஜினைக் காட்டும். 2014க்குப் பிறகு எழுதியவர்கள் ஃபிளெக்ஸ்பாக்ஸ் என்பார்கள், 2018க்குப் பிறகு எழுதியவர்கள் கிரிட் என்பார்கள். சிக்கல் என்னவென்றால் இவை எல்லாமே இன்றைய உலாவியிலும் ஏதோ ஒரு விதத்தில் வேலை செய்யும். தான் காலாவதியாகிவிட்டதாக எந்தப் பக்கமும் தானாகச் சொல்லிக்கொள்வதில்லை. வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளில் பலர் பல விடைகளைத் தந்திருக்கிறார்கள். நூலகர், தனி எழுத்தாளர், வாசகர் கூட்டம், தேடுபொறி, வார இதழின் ஆசிரியர் என்று விடைகள் மாறிவந்தன. இப்போது உரையாடும் இயந்திரம் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. வேறு பல துறைகளில் இது அவ்வளவு அவசரமான கேள்வியாக இருக்காது. மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் பாடநூல் உண்டு, பாடத்திட்டம் உண்டு. வலை வடிவமைப்பும் நிரலாக்கமும் பெரும்பாலும் ஒருவர் பக்கத்தை இன்னொருவர் பார்த்துக் கற்ற தொழில்கள். குரோம் உலாவி 2021இல் நான்கு வாரங்களுக்கு ஒரு பதிப்பு என்ற வேகத்துக்கு மாறியது. அச்சுப் புத்தகம் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ஆகவே சுட்டி கொடுத்து வழிகாட்டுவதே இங்கே ஆசிரியப் பணியின் பெரும்பகுதியாக இருந்துவந்திருக்கிறது.

அட்டவணை போட்டவர்கள்

இணையம் பிறப்பதற்கு முன்பே இந்தப் பணிக்கு ஆள் தேவைப்படும் என்று ஊகித்தவர் அமெரிக்கப் பொறியாளர் வன்னிவர் புஷ். 1945 ஜூலையில் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, மலைபோல் குவியும் ஆவணங்களுக்கு இடையே தடம் போட்டுத் தருவதையே தொழிலாகக் கொண்ட ஒரு புதிய வகுப்பினரைக் கற்பனை செய்தது. உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் செர்ன் ஆய்வகத்தில் தொடங்கிய ‘வெர்ச்சுவல் லைப்ரரி’ அந்தக் கற்பனைக்கு முதல் உருவம் எனலாம். துறைக்கு ஒரு தன்னார்வலர், அவரவர் பட்டியலை அவரவரே பராமரிப்பார் என்ற ஏற்பாடு அது. 1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தங்கள் சுட்டிப் பட்டியலைத் தொடங்கினார்கள். அதுவே பிறகு யாஹூ ஆயிற்று. 1998இல் தொடங்கி, நெட்ஸ்கேப் கைக்குப் போன ‘ஓப்பன் டைரக்டரி’, அதாவது டிமோஸ், தன்னார்வலர்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொண்டு இதே பணியைச் செய்தது.

இந்த அணுகுமுறையின் பலம் பொறுப்பு. ஒரு தளம் பட்டியலில் இருந்தால், ஒரு மனிதர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார் என்று பொருள். பலவீனமும் அதிலேயே இருந்தது. இணையம் வளர்ந்த வேகத்தில் திறந்து பார்த்துத் தேர்பவர்களின் எண்ணிக்கை வளரவில்லை. சேர்க்கக் கோரிய விண்ணப்பங்கள் தேங்கின. சில பிரிவுகளில் ஆசிரியர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்ற புகார்களும் எழுந்தன. யாஹூவின் அட்டவணை 2014 டிசம்பரிலும் டிமோஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன.

அட்டவணை முறையின் மீது தத்துவ ரீதியான குற்றச்சாட்டை வைத்தவர் இணையம் பற்றி எழுதிவந்த கிளே ஷர்கி. 2005இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர், நூலக அலமாரியின் தர்க்கத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தது அடிப்படையிலேயே பிழை என்று வாதிட்டார். புத்தகம் ஓரிடத்தில்தான் இருக்க முடியும், சுட்டி எத்தனை இடத்திலும் இருக்கலாம். வாதம் வலுவானது. ஆனால் நூலகவியல் முழுவதையும் ஒரே அலமாரியாகப் பார்க்கும் பார்வை அது. சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துச் சேர்க்கும் வழியை அப்போதே காட்டியிருந்தது. நுட்பம், உலாவி, கற்பவரின் நிலை, எழுதப்பட்ட காலம் என்று ஒரு சிஎஸ்எஸ் கட்டுரைக்குப் பல முகங்கள் உண்டு. யாஹூவின் மரக்கிளை வரிசை அவற்றில் ஒன்றை மட்டுமே கேட்டது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற ரங்கநாதனின் 1931ஆம் ஆண்டு விதியைச் சுட்டி தொகுப்பவர்கள் பலர் தெரியாமலேயே பின்பற்றினார்கள்.

தனி ஒருவரின் கண்

அட்டவணைக்கு எதிர்வினையாக வந்தது தனிமனிதத் தேர்வு. 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் ‘வெப்லாக்’ என்று பெயரிட்டது, அன்றாடம் தான் படித்தவற்றின் சுட்டிகளை ஒரு குறிப்போடு வரிசைப்படுத்தும் பக்கத்தைத்தான். இன்று வலைப்பதிவு என்றதும் நினைவுக்கு வரும் நாட்குறிப்பு வடிவம் சற்றுப் பிந்தியது.

வலை வடிவமைப்பில் இந்த மரபின் முக்கியப் பெயர் ஜெஃப்ரி ஸெல்ட்மன். அவர் பங்கேற்றுத் தொடங்கிய ‘எ லிஸ்ட் அபார்ட்’ 1997இல் மின்னஞ்சல் குழுவாக இருந்து 1998இல் இதழாயிற்று. நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. எந்தக் கட்டுரைக்குச் சுட்டி கொடுக்கிறோம் என்பதே எந்தத் தரநிலையை ஆதரிக்கிறோம் என்ற அறிவிப்பாகவும் இருந்தது. 2003 மே மாதம் டேவ் ஷே தொடங்கிய ‘சிஎஸ்எஸ் ஜென் கார்டன்’ இந்த மரபின் உச்சம். ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பு, பலர் அனுப்பிய விதவிதமான சிஎஸ்எஸ், அவற்றில் ஷே தேர்ந்தெடுத்தவை. டேபிள் இல்லாமல் அழகான பக்கம் செய்ய முடியாது என்ற வாதத்தை அந்தத் தேர்வு வாயடைக்கச் செய்தது.

பின்னால் வந்த ‘சிஎஸ்எஸ் கேலரி’கள் அதன் தோற்றத்தை எடுத்துக்கொண்டு நோக்கத்தை விட்டுவிட்டன என்றே தோன்றுகிறது. அவை பக்கத்தின் படத்தை வைத்துப் பக்கத்தை மதிப்பிட்டன. ஸ்கிரீன்ஷாட்டில் வண்ணம் தெரியும், எழுத்துரு தெரியும். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்குமா என்பது தெரியாது. மெதுவான மொபைல் இணைப்பில் திறக்க எவ்வளவு நேரமாகும் என்பதும் தெரியாது. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2024இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கியாகச் சோதித்தபோது 95.9 விழுக்காட்டில் அணுகல்தன்மைப் பிழைகள் இருந்தன. இதற்குக் கேலரிகளைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. எனினும் எதைக் கொண்டாடினோம், எதைப் பார்க்கத் தவறினோம் என்பதற்கு அந்த எண் ஒரு சாட்சி.

தனிமனிதத் தேர்வின் மற்றொரு குறை வட்டம் குறுகுவது. ஒருவர் சுட்டுபவரை இன்னொருவரும் சுட்ட, அதே சில பெயர்கள், அதே சில நகரங்கள், ஒரே மொழி.

கூட்டத்தின் கை

ஒருவர் கண்ணுக்குப் பதில் ஆயிரம் கை என்றது அடுத்த விடை. 2003இல் ஜோஷுவா ஷாக்டர் வெளியிட்ட டெலிஷியஸில் யாரும் தமக்கு வேண்டிய சுட்டியைச் சேமித்து, தமக்குத் தோன்றிய குறிச்சொல்லை ஒட்டலாம். சேமிப்பது அவரவர் வசதிக்கு, ஆனால் எல்லாருடைய சேமிப்பையும் கூட்டிப் பார்த்தால் யாரும் திட்டமிடாத ஓர் அட்டவணை கிடைத்துவிடும். ஷர்கியின் வாதத்துக்கு இதுவே முதன்மைச் சான்று.

வலை நிரலாளர்கள் டெலிஷியஸைத் தொடக்கத்திலேயே பற்றிக்கொண்டார்கள். அதில் அதிகம் சேமிக்கப்படுவதையே இலக்காக வைத்து எழுதும் பழக்கமும் உடன் வந்தது. தலைப்பில் எண் போட்ட நீண்ட உத்திப் பட்டியல்கள் அந்தப் பருவத்தின் விளைச்சல். 2006இல் ஜெர்மனியில் தொடங்கிய ‘ஸ்மாஷிங் மேகஸின்’ முதல் ஆண்டுகளில் இத்தகைய பட்டியல்களால் பெயர் பெற்று, பிறகு ஆழமான கட்டுரைகளுக்கு மாறியது. கூட்டத் தேர்வின் அடிப்படைக் குறை இதில் வெளிப்பட்டது: சேமிப்பது வேறு, படிப்பது வேறு. பிறகு படிக்கலாம் என்று எடுத்துவைத்தவர்களின் எண்ணிக்கை தரத்துக்குச் சான்றாகிவிட்டது.

அதைவிடப் பெரிய குறை உடைமை. டெலிஷியஸை 2005 டிசம்பரில் யாஹூ வாங்கியது. ஐந்து ஆண்டு கழித்து, அதை மூடப்போவதாகச் செய்தி கசிந்ததும் பயனர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 2011இல் விற்பனை, அதன் பிறகும் கைமாற்றங்கள், கடைசியில் 2017இல் போட்டித் தளமான பின்போர்டை நடத்திய ஒற்றை மனிதர் அதை 35,000 டாலருக்கு வாங்கினார். ஆயிரக்கணக்கானோர் கூடிச் செய்த அட்டவணை அவர்களில் ஒருவருக்கும் சொந்தமாக இருக்கவில்லை.

தேடுபொறியின் கணக்கு

1998இல் செர்கே பிரினும் லாரி பேஜும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தின் மதிப்பை அதை நோக்கி வரும் சுட்டிகளைக் கொண்டு அளந்தது. மனிதத் தேர்வுக்கு மாற்றாக இயந்திரம் வந்தது என்று இதைச் சொல்வது வழக்கம். பாதிதான் உண்மை. எண்ணற்ற மனிதர்கள் தங்கள் பக்கங்களில் பொறுக்கி வைத்த சுட்டிகளே அந்தக் கணக்கின் மூலப்பொருள். தொகுப்பாளர்களின் உழைப்பைக் கூலியில்லாமல் கூட்டிக்கொடுத்த இயந்திரம் என்று சற்றுக் கடுமையாகவும் சொல்லலாம்.

சுட்டிக்கு மதிப்பு என்று தெரிந்ததும் சுட்டி சரக்காகிவிட்டது. கருத்துப் பெட்டிகளில் விளம்பரச் சுட்டிகள் குவிந்ததால், 2005 ஜனவரியில் ‘நோஃபாலோ’ என்ற குறியீடு வந்தது. 2012 ஏப்ரலில் கூகுள் நடைமுறைப்படுத்திய பெங்குவின் மாற்றம் செயற்கையான சுட்டி வலைகளைத் தண்டித்தது. நோக்கம் சரியானதே. ஆனால் நேர்மையாகச் சுட்டி வைத்திருந்த தள உரிமையாளர்களில் சிலரும் அஞ்சி அவற்றை நீக்கத் தொடங்கினர். சுட்டி கொடுப்பது ஆபத்தான செயல் என்ற எண்ணம் பரவியது.

தேடல் வரிசை தரத்தைக் காட்டுமா என்பதற்கு இந்தத் துறையிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஹெச்டிஎம்எல் தேடல்களில் முன்னணியில் நின்ற டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளத்தின் பிழைகளைப் பட்டியலிட்டு 2011இல் நிரலாளர்கள் சிலர் டபிள்யூ3ஃபூல்ஸ் என்ற பக்கத்தைத் தொடங்கினர். அந்தத் தளம் பிறகு பல பிழைகளைத் திருத்திக்கொண்டது, விமர்சகர்களும் தங்கள் தொனியைத் தணித்தனர். மாற்றம் வந்தது மனிதர் பெயர் போட்டு எழுதிய கண்டனத்தால். வரிசையைத் தீர்மானித்த கணக்கு அந்தப் பிழைகளைக் கண்டுபிடிக்கவில்லை.

வாரம் ஒரு கடிதம்

தேடல் வரிசை மீதான அலுப்பிலிருந்து மனிதத் தேர்வு மீண்டு வந்தது, இம்முறை மின்னஞ்சலில். பீட்டர் கூப்பர் 2010இல் ‘ஜாவாஸ்கிரிப்ட் வீக்லி’யைத் தொடங்கினார். 2012இல் சாஷா கிரேஃப் தொடங்கிய ‘சைட்பார்’ நாளுக்கு ஐந்தே வடிவமைப்புச் சுட்டிகள் என்று வரம்பு கட்டிக்கொண்டது. இந்த வரம்பு சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் முந்தைய முறைகள் எதிலும் இல்லாதது அதுதான். அட்டவணையும் குறிச்சொல்லும் சேர்த்துக்கொண்டே போயின. ஐந்து என்று சொன்னவர் ஆறாவதைத் தள்ளியாக வேண்டும். வலைப்பதிவுகளின் புதிய பதிவுகளைத் திரட்டிக் காட்டிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது இந்தக் கடிதங்களுக்கு மேலும் வாசகர்களைத் தந்திருக்கலாம். 2014இல் சிண்ட்ரே சோர்ஹஸ் கிட்ஹப்பில் தொடங்கிய ‘ஆசம்’ பட்டியல், யாரும் திருத்தம் முன்மொழியலாம், பொறுப்பாளர் ஏற்கலாம் மறுக்கலாம் என்று அட்டவணைக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு வழி கண்டது.

வார இதழின் நோய் புதுமை மோகம். ஒவ்வொரு வாரமும் நிரப்பியாக வேண்டிய இடம் இருக்கிறது, விளம்பரதாரர் சுட்டிக்கும் அதில் ஓரிடம் இருக்கிறது. ஆகவே புதியது முன்னுக்கு வரும். பத்தாண்டாகச் சரியாக இருந்துவரும் ஒரு கட்டுரையை இந்த வாரம் ஏன் பரிந்துரைக்க வேண்டும் என்பதற்கு இதழியல் காரணம் எதுவும் கிடைக்காது. கற்பவருக்கோ பெரும்பாலும் அந்தப் பழைய கட்டுரைதான் தேவை.

யார் துடைத்து வைப்பது?

இந்த விவாதங்கள் எல்லாம் தேர்வைப் பற்றியவை. தேர்வுக்கான வழி திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் விழுந்தது பராமரிப்பில்.

ஃபிளெக்ஸ்பாக்ஸின் கதையே போதும். அதன் இலக்கணம் 2009இல் ஒரு வடிவத்திலும் 2011இல் இன்னொன்றிலும் 2012இல் இன்றைய வடிவத்திலும் இருந்தது. முதல் வடிவத்தில் ‘பாக்ஸ்’ என்று எழுதப்பட்ட இடத்தில் இப்போது ‘ஃபிளெக்ஸ்’. 2010இல் மிகச் சரியாகத் தேர்ந்து தரப்பட்ட சுட்டி 2013இல் கற்பவரைத் தவறான பாதையில் விட்டது. எழுதியவரும் பிழை செய்யவில்லை, தொகுத்தவரும் பிழை செய்யவில்லை. கிரிட்டில் இந்தக் குழப்பம் குறைவு. 2017 மார்ச் மாதத்துக்குள் ஃபயர்பாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் அது வந்துவிட்டது. அதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே ரேச்சல் ஆண்ட்ரூ உதாரணங்களைத் தொகுத்து, இலக்கணம் மாறும்போதெல்லாம் திருத்தியும் வந்தார். அப்படி ஒருவர் அமைவது தற்செயல்.

சுட்டியே அற்றுப்போவது இதன் மறுபக்கம். நல்ல முகவரி மாறுவதில்லை என்று 1998இலேயே பெர்னர்ஸ்-லீ அறிவுறுத்தினார். பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை. தொகுப்புகளின் தூணாக நின்ற தளங்களும் ஆட்டம் கண்டன. 2020 ஆகஸ்டில் மொஸில்லா சுமார் 250 பேரைப் பணிநீக்கம் செய்தபோது, எல்லாரும் சுட்டும் எம்டிஎன் ஆவணத் தளத்தின் எதிர்காலமே கேள்விக்குறியாயிற்று. அடுத்த ஜனவரியில் ‘ஓப்பன் வெப் டாக்ஸ்’ என்ற கூட்டு முயற்சி தோன்றிக் கைகொடுத்தது. கிறிஸ் கோயர் 2007 முதல் வளர்த்த ‘சிஎஸ்எஸ்-ட்ரிக்ஸ்’ 2022இல் விற்கப்பட்டு, 2023இல் ஏறக்குறைய ஓய்ந்து, பிறகு மீண்டும் இயங்கத் தொடங்கியது.

பராமரிப்பின் ஒரு பகுதியை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்பதற்கு நம்பிக்கை தரும் முயற்சிகள் உண்டு. அலெக்ஸிஸ் டெவேரியாவின் ‘கேன் ஐ யூஸ்’, எந்த வசதி எந்த உலாவியில் உண்டு என்பதைத் தொடர்ந்து சொல்லிவருகிறது. 2023இல் அறிமுகமான ‘பேஸ்லைன்’ ஒரு வசதி முதன்மை உலாவிகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டதா என்று முத்திரை குத்துகிறது. முப்பது மாதம் கடந்தால் பரவலாகக் கிடைப்பது என்ற தகுதி. ஆனால் இவை வசதிக்குத்தான் தேதி போடுகின்றன. அந்த வசதியைப் பற்றிய ஒரு கட்டுரை இன்னும் படிக்கத் தக்கதா என்ற கேள்வி மனிதரிடமே நிற்கிறது.

சுட்டி இல்லாத விடை

உரையாடும் இயந்திரங்கள் பரவத் தொடங்கிய 2022 இறுதியிலிருந்து வாதத்தின் தளமே நகர்ந்திருக்கிறது. இயந்திரமே நேரடியாக விடை சொல்லும்போது சுட்டி எதற்கு என்பது ஒரு தரப்பு. பெட்டியை நடுவில் நிறுத்தும் கேள்விக்கு இந்தத் தரப்பு சொல்வது பெரும்பாலும் செல்லும். எதிர்த் தரப்பின் கவலை மூன்று முனைகளில் நிற்கிறது. விடை எந்த ஆண்டின் வழக்கத்திலிருந்து வந்தது என்று தெரிவதில்லை. மூலக் கட்டுரையை எழுதியவருக்கு வாசகர் போய்ச் சேர்வதில்லை. மூன்றாவது, தவறான விடையும் சரியான விடையும் ஒரே தொனியில் வருகின்றன. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே இயந்திரம் எழுதிய விடைகளுக்குத் தடை போட்டதற்கு முதன்மைக் காரணம் இந்த மூன்றாவதுதான்.

வாசகர் வருகை பற்றிய கவலைக்குச் சான்று சேர்ந்துவருகிறது. அமெரிக்கப் பயனர்களின் தேடல்களை ஆராய்ந்து பியூ மையம் 2025இல் வெளியிட்ட முடிவின்படி, இயந்திரச் சுருக்கம் தோன்றிய தேடல்களில் 8 விழுக்காட்டில்தான் மரபான முடிவுச் சுட்டி சொடுக்கப்பட்டது. சுருக்கம் தோன்றாதவற்றில் அது 15 விழுக்காடு. சுருக்கத்துக்குள் இருந்த சுட்டியைச் சொடுக்கியது 1 விழுக்காட்டில் மட்டுமே. இது ஒரு நாட்டின் பொதுத் தேடல் பற்றிய கணக்கு. நிரலாளர்களின் பழக்கம் இதிலிருந்து மாறுபடலாம்.

நன்றி தெரிவிக்கும் மரபும் இதோடு அடிபடுகிறது. யார் வழியாக ஒரு சுட்டியைக் கண்டோம் என்று சொல்வது பழைய பதிவர்களிடையே எழுதப்படாத ஒழுக்கமாக இருந்தது. 2012இல் மரியா போபோவா அதற்கென்று தனிக் குறியீடுகளையே முன்மொழிந்தார். அவை நிலைக்கவில்லை. இயந்திரத்திடம் கேட்பவருக்கோ நன்றி சொல்ல ஒரு பெயர்கூடக் கிடைப்பதில்லை.

தீராமல் நிற்பவை

தேர்வை மனிதர் செய்வதா இயந்திரம் செய்வதா என்ற பழைய வழக்கு பெருமளவு தணிந்துவிட்டது. இரண்டும் ஒன்றை ஒன்று சார்ந்தே இயங்கிவந்திருக்கின்றன. திறந்து கிடப்பவை வேறு. தொகுப்பைப் பத்தாண்டு பராமரிக்கக் கூலி யார் கொடுப்பது என்பதற்கு விளம்பரம், நன்கொடை, தனியார் உடைமை ஆகிய மூன்றும் இதுவரை அரைகுறை விடைகளையே தந்துள்ளன. தள்ளப்பட்ட சுட்டிகளை, அதாவது எதை ஏன் சேர்க்கவில்லை என்பதை, பதிவுசெய்யும் வழக்கம் எந்த முறையிலும் வேரூன்றவில்லை. கற்பவருக்கு அது பெரும்பாலும் தேர்வைவிடப் பயன்படும்.

மொழி இன்னொரு கேள்வி. மேலே சொன்ன தொகுப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில் பிறந்தவை. எம்டிஎன் தளம் தற்போது பராமரிக்கும் மொழிபெயர்ப்புகளில் தமிழ் இல்லை. 2012 முதல் ‘கணியம்’ போன்ற தன்னார்வ முயற்சிகள் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் உள்ளிட்டவற்றைத் தமிழில் எழுதி இலவசமாக வெளியிட்டுவருகின்றன. தமிழில் கற்பவருக்கு நூல் ஓரளவு உண்டு, நூலுக்கு வெளியே வாராவாரம் வழிகாட்டும் தொகுப்பு அரிது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சுட்டிகள் பறக்கின்றன, ஆனால் பெரும்பாலும் வெறும் முகவரியாக.

அப்படி அனுப்புவோரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். சுட்டியோடு மூன்று வரி சேர்த்து அனுப்புங்கள்: கட்டுரை எந்த ஆண்டு எழுதப்பட்டது, யாருக்குப் பயன்படும், அதில் இன்று பொருந்தாத பகுதி எது.